வென்ட் ட்ரையர்: கடலோர வீட்டுக்குச் சரிவருமா, சூடு நின்றால் எங்கே கை வைப்பது?

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டியையும் நம் ஊரில் ட்ரையர் என்றுதான் சொல்கிறோம். அது துணியைப் பிழிந்து தரும், காயவைக்காது. இங்கே பேசப்போவது தனி மெஷின்: உள்ளே டிரம் சுற்றும், ஹீட்டர் காற்றைச் சூடாக்கும், ஃபேன் அந்த ஈரக் காற்றைப் பின்பக்கக் குழாய் வழியாக வெளியே தள்ளும். கடைகளில் 5.5 கிலோ, 7 கிலோ என்று கிடைக்கும் வென்ட் வகை. பிராண்டுக்குப் பிராண்டு முகப்பும் பட்டனும் மாறுமே தவிர, பின்மூடியைக் கழற்றினால் கிட்டத்தட்ட ஒரே சமையல்தான். அதனால் இந்த மதிப்புரை அந்த வகைக்கே.

வாங்கலாமா? வெளிச்சுவரில் 4 அங்குலத் துளை போட இடம் இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் வேண்டாம். புதுச்சேரி, கடலூர் வீட்டுக்கு இந்த மெஷினின் நல்லதும் கெட்டதும் அந்தத் துளையில்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மொட்டை மாடிக் கொடிக்கு வேலையில்லை. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் கரண்ட் இருந்தால்தானே ட்ரையர் ஓடும் என்பது வேறு கதை. ஆனால் மழைக்குப் பின்னால் வெயிலே தலைகாட்டாமல் போகும் நாட்களில் பள்ளிச் சீருடையும் துண்டும் ஈர வாடை இல்லாமல் காய இதைவிட எளிய வழி கிடையாது. வருஷத்தில் எட்டு, ஒன்பது மாதம் மெஷின் சும்மா நிற்கும். வருகிற பழுதில் சில அந்தச் சும்மா நிற்பதால் வருவது.

"சூடே வரலை" என்று புகார் சொல்லும் முன் எவ்வளவு நேரத்தில் காய வேண்டும் என்ற கணக்கு தெரிந்திருக்க வேண்டும். காய்ந்த நிலையில் மூன்றரை கிலோ பருத்தித் துணி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிழிந்து எடுத்தால் அதில் சுமார் 60 சதவீதம், அதாவது இரண்டு லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே 0.65 முதல் 0.7 யூனிட் வரை வேண்டும். ஆக இரண்டு லிட்டருக்கு 1.4 யூனிட். டிரம்மும் துணியும் சூடாவது, வெளியே வீணாகும் சூடு எல்லாம் சேர்ந்து இரண்டு யூனிட் பக்கம் வந்து நிற்கும். 2200 வாட் ஹீட்டர் உள்ள மெஷினுக்கு இது ஒரு மணி நேர வேலை, கூடப்போனால் ஒன்றேகால் மணி. சாதாரண டாப் லோடில் 700 சுற்றில் பிழிந்த துணி என்றால் இன்னும் கால் மணி சேர்த்துக்கொள்ளலாம். இதே துணிக்கு இரண்டு, இரண்டரை மணி ஓடுகிறதென்றால்தான் எங்கோ கோளாறு. சொட்டச் சொட்டப் போர்வையைப் போட்டுவிட்டு மெஷினைக் குறை சொல்லக் கூடாது.

இரண்டு லிட்டர் தண்ணீர் ஆவியாகி எங்கே போகிறது என்று யோசித்தால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும். வெளியே போக வழியில்லாமல் அதே அறையில் விட்டால், அந்த ஈரக் காற்றையே மெஷின் மறுபடி உறிஞ்சும். கடலோரக் காற்றில் ஈரம் ஏற்கெனவே நிறைந்து கிடக்கிறது. கூடவே அறையும் சூடேறுவதால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஹீட்டரை அடிக்கடி நிறுத்தும். ஹீட்டர் நன்றாக இருந்தும் துணி மட்டும் காயாது. லாஸ்பேட்டை, முதலியார்பேட்டைப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் பாத்ரூம் மூலையில் வைத்து, குழாயையே மாட்டாமல் ஓட்டினால் நடப்பது இதுதான். குறைந்தபட்சம் ஜன்னலைத் திறந்து குழாய் நுனியை வெளியே விட வேண்டும்.

கையால் பார்க்கும் சோதனை

கருவி எதுவும் எடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். அரை லோடு ஈரத்துணி போட்டு, பருத்தி புரோகிராமில் பத்து நிமிடம் ஓட விட்டு, வெளிச்சுவரில் காற்று வரும் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று பலமாகவும் வெதுவெதுப்பாகவும் வந்தால் மெஷினில் குறையில்லை. துணியின் அளவையும் பிழிந்த விதத்தையும்தான் பார்க்க வேண்டும். பலமாக வந்தாலும் குளிர்ச்சியாக இருந்தால் கோளாறு ஹீட்டர் சர்க்யூட்டில். மெதுவாகவும் சூடாகவும் வந்தால் வழி அடைப்பு. மெதுவாகவும் குளிர்ச்சியாகவும் வந்தால் அடைப்புதான் முதல் குற்றவாளி, சூடு மீறினால் சர்க்யூட்டை அறுக்கும் தெர்மல் ஃப்யூஸ் அதற்குப் பலியானது.

இந்த நாலாவது நிலையில்தான் பணம் வீணாகும். ஃப்யூஸை மட்டும் மாற்றிவிட்டு அடைப்பை அப்படியே விட்டால் புது ஃப்யூஸும் சில நாளில் போகும். "பார்ட்ஸே டூப்ளிகேட்டு" என்று பேச்சு வரும். பார்ட்ஸ் மேல் தப்பில்லை. தன் வேலையை அது சரியாகச் செய்து செத்திருக்கிறது.

அடுத்து, மெஷினை நிறுத்தி பின்பக்கக் குழாயை மெஷின் வாயிலிருந்து கழற்றி, பத்து நிமிடம் தனியாக ஓட்டிப் பாருங்கள். காற்று திடீரென்று வேகமாக வந்தால் குழாய்தான் குற்றவாளி. அப்போதும் மெதுவாகவே வந்தால் ஃபில்டர், உள்ளே இருக்கும் காற்றுப் பாதை, ஃபேன் என்று உள்நோக்கிப் போக வேண்டும்.

வீட்டு மின் மீட்டரும் நல்ல கருவி. முகப்பில் சிமிட்டும் சின்ன சிவப்பு விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், ஏசி, மோட்டார் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ட்ரையரை மட்டும் ஓட்டினால், ஹீட்டர் வேலை செய்யும்போது நொடிக்கு இரண்டு முறை சிமிட்டும். டிரம் மட்டும் சுற்றினால் ஐந்தாறு நொடிக்கு ஒன்று. 1600 என்று இருந்தால் இந்தக் கணக்கில் பாதி. கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இல்லாமலே ஹீட்டர் எரிகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. வழி சுத்தமாக இருந்தால், ஈரத்துணியோடு தொடங்கிய முதல் இருபது நிமிடமாவது விளக்கு இடைவிடாமல் வேகமாகச் சிமிட்டும், ஏனென்றால் சூட்டை எல்லாம் தண்ணீர் உறிஞ்சிக்கொள்கிறது. ஐந்தாவது நிமிடத்திலேயே வேகம், மெதுவு, மறுபடி வேகம் என்று மாறினால், ஹீட்டர் பெட்டியில் சூடு தேங்கி, பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் வெட்டி வெட்டிச் சேர்க்கிறது என்று பொருள். எங்கோ காற்று அடைபட்டிருக்கிறது. தெர்மோஸ்டாட்டை மாற்றினாலும் இது தீராது.

அடைப்பு எங்கெல்லாம் வரும்

ஃபில்டரில் படியும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது: கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவம் ஊற்றித் துவைக்கும் வீடுகளில் ஃபில்டர் வலையில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் படியும். பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். ஃபில்டரைக் குழாயடியில் பிடித்து தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் வலையில் குளமாக நின்றால் அடைப்பு. வெந்நீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, காயவைத்துப் போட்டால் போதும். இதே படலம் டிரம்முக்குள் இருக்கும் இரண்டு எவர்சில்வர் பட்டைகளிலும் படியும். அவைதான் துணியின் ஈரத்தை அளக்கும் சென்சார். படலம் ஏறினால் துணி காய்ந்துவிட்டது என்று தப்பாக எண்ணி மெஷின் சீக்கிரமே நின்றுவிடும். அதையும் "சூடு பத்தலை" என்றுதான் புகார் சொல்வார்கள். வினிகரில் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகும்.

வெளிச்சுவர் வாயில் கொசு வலை அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். ட்ரையர் வாயில் அது கூடவே கூடாது. ஃபில்டரைத் தாண்டி வரும் பொடிப் பஞ்சு அந்த வலையில் அப்பி, ஈரத்தோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஆகிவிடும். பல்லி, மைனா உள்ளே வராமல் இருக்க, காற்று வரும்போது திறந்து நின்றதும் மூடிக்கொள்ளும் மூடி போடுங்கள். கடற்கரைக்கு அருகில் குருசுக்குப்பம், தேவனாம்பட்டினம் போன்ற இடங்களில் தகர மூடியின் கீல் உப்பில் துருப்பிடித்து இறுகிவிடும். பிளாஸ்டிக் மூடி நல்லது. மழைக்காலம் தொடங்கும் முன் விரலால் ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் விட்டம் 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளம்பரிடம் சொன்னால் கையில் இருக்கும் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாயைச் செருகிவிடுவார். காற்று போகும் இடம் பாதியை ஒட்டி வந்துவிடும், பிவிசியில் நிலைமின்சாரத்தால் பஞ்சும் ஒட்டும், சூட்டில் இளகவும் செய்யும். அலுமினியக் குழாய்தான் சரி. நீளம் இரண்டு மீட்டருக்குள் அடங்கினால் உத்தமம். ஒரு முழங்கை வளைவு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமமாகக் காற்றைத் தடுக்கும் என்று கணக்கு வையுங்கள். மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளியதில் பின்னால் குழாய் நசுங்கிக் கிடப்பதும் அடிக்கடி நடப்பது.

இத்தனையும் சுத்தமாக இருந்தும் காற்று மெதுவாக வந்தால் ஃபேன் பக்கம் பாருங்கள். பிளாஸ்டிக் ஃபேன் மோட்டார் தண்டில் பிடிப்பு விட்டு வழுக்கினால் டிரம் ஒழுங்காகச் சுற்றும், காற்று மட்டும் வராது. கடகடவென்று ஒரு சத்தம் காட்டிக்கொடுக்கும்.

காற்று நன்றாக வந்தும் சூடு இல்லை

இனி மல்டிமீட்டர் வேலை. பிளக்கைப் பிடுங்கி எடுத்துவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோட்டார் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம், அதன் முனைகளைத் தொடாதீர்கள். இதில் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மெக்கானிக்கின் வேலையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தினால் போதும்.

அதற்கும் முன்னால் வோல்டேஜ். 230-ல் 2200 வாட் தரும் ஹீட்டர், 190 வோல்ட்டில் 1500 வாட்தான் தரும். சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் துணி காயத் தாமதமாகிறது, காலையில் சரியாக இருக்கிறது என்றால் மெஷினைத் தொடவே வேண்டாம்.

ஹீட்டரின் ஒரு வயரைக் கழற்றிவிட்டு முனைகளுக்கு நடுவே ஓம் (மின்தடை) பாருங்கள். 2200 வாட்டுக்கு 24 ஓம் பக்கம் காட்ட வேண்டும். இந்த எண் எந்த மாடலுக்கும் எளிதில் கிடைக்கும்: 230-ஐ 230-ஆல் பெருக்கி, ஹீட்டர் வாட்டால் வகுத்தால் போதும். முள் அசையவே இல்லை என்றால் ஹீட்டரின் கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்கிறது. சில மாடல்களில் இரண்டு காயில் இருக்கும். ஒன்று போனால் சூடு வரும், ஆனால் அரைகுறையாக. "வெதுவெதுன்னு இருக்கு, காயலை" என்ற புகாருக்கு இது ஒரு நல்ல காரணம். இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

ஹீட்டர் பெட்டியின் மேல் இரண்டு சின்ன வட்ட வில்லைகள் இருக்கும். சில நேரம் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்று சூடு ஏறினால் வெட்டி, ஆறினால் தானே சேரும் தெர்மோஸ்டாட். சில மாடலில் நடுவில் ஒரு குமிழ் இருக்கும், கையால் அழுத்தினால்தான் சேரும். மற்றது தெர்மல் ஃப்யூஸ். அது ஒரு முறை போனால் போனதுதான். ஆறிய நிலையில் இரண்டுமே பூஜ்யம் ஓம் பக்கம் காட்ட வேண்டும். போனதை மாற்றும்போது உடம்பில் அச்சிட்ட டிகிரி எண் அதேதானா என்று பாருங்கள். ஃப்யூஸைத் தாண்டி வயரை நேராக இணைத்துவிட்டு "இப்ப ஓடுது பாருங்க" என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். பஞ்சும் சிவக்கக் காய்ந்த கம்பியும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே இருந்த கடைசிக் காவல் அது.

அடுத்தது காற்றுப் பாதையில் மாட்டியிருக்கும், சூட்டை அளக்கும் என்டிசி சென்சார். பல மாடல்களில் 25 டிகிரியில் 10 கிலோ ஓம். நம் ஊர் அறை 30 டிகிரி என்றால் 8 கிலோ ஓம் பக்கம் காட்டும். எவர்சில்வர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி, டம்ளரின் வெளிப்புறத்தில் சென்சாரை ஒட்டிப் பிடியுங்கள். எண் தடுமாறாமல் சரசரவென்று இறங்க வேண்டும். 60 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவுக்கு வரும். குதித்துக் குதித்து இறங்கினாலோ அசையாமல் நின்றாலோ சென்சாரை மாற்றுங்கள். இது போனால் மெஷினின் கண்ட்ரோல் போர்டு ஹீட்டருக்கு உத்தரவே கொடுக்காது. போர்டைக் குற்றம் சொல்லி ஆயிரக்கணக்கில் பில் போடும் முன் சில நூறு ரூபாய்ச் சென்சாரைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

எல்லாம் சரி, ஹீட்டருக்கு மட்டும் கரண்ட் வரவில்லை என்றால்தான் போர்டில் ஹீட்டருக்குக் கரண்ட் விடும் ரிலேயைச் சந்தேகிக்க வேண்டும்.

கடலோரத்துக்கே உரிய பழுது ஒன்று உண்டு. ஹீட்டர் முனையில் செருகும் திம்பிளில் (வயர் நுனியில் அழுத்தி வைக்கும் உலோக முனை) உப்புக் காற்றால் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு ஏறும். பிடிப்பு தளரும். பத்து ஆம்பியர் அந்தத் தளர்ந்த இடத்தில் ஓடும்போது அங்கேயே சூடாகி, திம்பிள் முதலில் பழுப்பாகி, பிறகு கறுத்து, பிளாஸ்டிக் உறை உருகி, கடைசியில் வயர் அறுந்து தொங்கும். ஹீட்டரை அளந்தால் நன்றாக இருக்கும். கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, பளபளவென்று செம்பு தெரியும் வரை வயரைச் சீவி, புதுத் திம்பிள் வைத்து அழுத்தி, கண்ணாடி நூல் உறை போட வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் இளகும். இன்சுலேஷன் டேப் அந்த இடத்தில் ஒரு மாதம்கூடத் தாங்காது. சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்குக்கும் இதே கதைதான். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இன்வெர்ட்டர் லைனும் ட்ரையருக்கு ஆகாது.

மழைக்காலத்தின் முதல் நாள் சுவிட்ச் போட்டதும் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழுகிறதா? உறை போட்ட ஹீட்டர் என்றால் அதற்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி காற்று ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. எட்டு மாதம் சும்மா நின்றதில் கசிவு வந்திருக்கலாம். கசிவைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரில் ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டினால் பயமில்லை. ஆர்சிசிபியை எடுத்துவிட்டு ஓட்டுவது தற்கொலை முயற்சி. கோடையிலும் மாதம் ஒரு முறை, நனைத்துப் பிழிந்த துண்டு இரண்டைப் போட்டு அரை மணி ஓட்டினால் இந்தத் தொல்லை வராது.

யூட்யூப் பார்த்துப் பழுது தேடுபவர்களுக்கு: அங்கே வரும் அமெரிக்க மெஷின்களில் மோட்டாருக்கு 120 வோல்ட், ஹீட்டருக்கு 240 வோல்ட். இரண்டு பிரேக்கரில் ஒன்று விழுந்தால் டிரம் சுற்றும், சூடு வராது. நம் வீட்டில் ஒரே 230 வோல்ட். இங்கே பிரேக்கர் விழுந்தால் எல்லாமே நிற்கும். அந்த வீடியோவைப் பார்த்து சுவிட்ச் போர்டைப் பிரிக்காதீர்கள்.

கண்டென்சர் வகையும் ஹீட் பம்ப்பும்

சுவரில் துளை போட முடியாதவர்களுக்கு இவை இரண்டும். கண்டென்சர் வகை ஈரத்தைத் தண்ணீராக்கி டப்பாவில் சேர்க்கும். அறைக் காற்றால்தான் அது குளிர வேண்டும் என்பதால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கொஞ்சம் திணறும். இதில் சூடு குறைந்தால் கீழே இருக்கும் கண்டென்சர் தகட்டைக் கழற்றிக் குழாயில் கழுவுவதே முதல் வேலை. ஹீட் பம்ப்பில் ஹீட்டர் காயிலே கிடையாது, ஏசி மாதிரி கம்ப்ரஸர் வைத்து 50 டிகிரியை ஒட்டித்தான் ஓடும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு "சூடு கம்மி" என்றால் மெஷின் பாவம். நேரம் கூடும், கரண்ட் பாதியாகும். கடலூர்ப் பக்கம் இரண்டு மாத பில்லில் 500 யூனிட் கோட்டை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு விலை கூடினாலும் இது யோசிக்கத்தக்கது. ஆனால் கேஸ் லீக் என்றால் செலவு பெரிது, சாதாரண வாஷிங் மெஷின் மெக்கானிக்கால் ஆகாது.

சின்னத் தங்கும் விடுதிகளில் இந்த வீட்டு மெஷினை வைத்து தினம் பத்து லோடு படுக்கை விரிப்பு காயவைப்பதை புதுச்சேரியில் பார்க்கலாம். அதற்கு இது செய்யப்படவில்லை. நடுவில் ஆறவே நேரம் இல்லாமல் ஓடினால் திம்பிளும் பெல்ட்டும் சீக்கிரம் கைவிடும்.

சர்வீஸ் ஆள் வந்தால் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: மாற்றிய பழைய பாகம், அதன் மேல் மீட்டர் காட்டிய ஓம் கணக்கு, புதுப் பாகம் மாட்டிய பிறகு ஹீட்டர் இழுக்கும் ஆம்பியர். 2200 வாட்டுக்கு 9.5 ஆம்பியரை ஒட்டி வர வேண்டும். குழாயைக் கழற்றிப் பார்க்காமலே காயில் மாற்றச் சொன்னால் இன்னொருவரைக் கூப்பிடலாம்.

தீபாவளி எண்ணெய்க் குளியல் சரியாக மழை நாளில்தான் வருகிறது. தலை துவட்டிய துண்டைத் துவைத்தாலும் நல்லெண்ணெய் முழுதாகப் போகாது. எண்ணெய் ஊறிய துணி ட்ரையர் சூட்டில் இருந்து, பிறகு குவியலாகக் கிடந்தால் தானாகவே சூடேறிப் பற்றக்கூடும். அடுப்படித் துணிக்கும் இது பொருந்தும். அந்தத் துண்டுகளை ஃபேனுக்கு அடியில் கொடி கட்டித்தான் காயவைக்க வேண்டும். மற்ற துணிக்கும் கடைசிப் பத்து நிமிடம் மெஷின் குளிர்ந்த காற்றில் ஓடும்போது அவசரப்பட்டு நிறுத்தி, சூடான துணியை உள்ளேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.